இருபதுக்கும் இருபத்தேழுக்கும் நடுவே

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுவது. நான் சௌக்கியம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று பஸ் ஏறும்போதே நினைத்திருந்தேன். ஆனால் மூக்கு ஒழுகிக் காகிதத்தில் சொட்டிக்கொண்டிருக்கும்போது எப்படிப் பொய் சொல்வது? மூக்கைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். நீங்கள், அம்மா, அண்ணன் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று அண்ணன் கேட்பான். நம் வீட்டில் போன் வந்தால் ஸ்பீக்கரைப் போட்டு ஹாலின் நடுவில் வைத்துவிடுகிறீர்கள். நான் தும்மினால் அம்மா கஷாயம் சொல்கிறாள், அண்ணன் சிரிக்கிறான், நீங்கள் பேச நினைத்ததை விழுங்கிவிடுகிறீர்கள். கடிதம் என்றால் அந்தக் கவலை இல்லை. அடுத்தவர் உறையைப் பிரிப்பது பாவம் என்பது அம்மாவே போட்ட சட்டம் அல்லவா?

பேக்கரியைப் பற்றிச் சொல்கிறேன். முன்னால் கடை, பின்னால் ஒரே நீள அறை. அறையின் ஒரு பாதியில் நான் ரொட்டிக்கும் பன்னுக்கும் மாவு பிசைகிறேன். மறுபாதியில் கேக் செய்யும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் கேக் அக்கா என்கிறார்கள். நல்ல ஆகிருதி, ஐம்பது வயதிருக்கும், மேல் உதட்டில் எப்போதும் வியர்வை. எங்களுக்கு நடுவே சுவர் கிடையாது, ஒரு மேஜைதான் எல்லை. ஏசி ஒன்று. ரிமோட் ஒன்று. இங்கேதான் வம்பு.

என் மாவு வெதுவெதுப்பில்தான் உப்பும். அவருடைய க்ரீம் குளிரில்தான் நிற்கும். நான் இருபத்தேழில் வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் இருபதில் வைத்துவிடுகிறார். முதல் நாளே கேட்டேன். "ரூம் குளுந்தாத்தாம்மா ரோஜா நிக்கும். உன் மாவு தூங்குச்சுன்னா தட்டி எழுப்பு" என்றார். தட்டினேன் அண்ணி. எழுந்திருக்கவில்லை. அன்று சுட்ட ரொட்டியை யார் மேலாவது எறிந்தால் காயம் பட்டிருக்கும்.

அம்மாவிடம் நான் போட்டுவிட்டு வந்த ஒப்பந்தம் உங்களுக்குத் தெரியும். ஜூலைக் கடைசியில் முதலாளி என்னை நிரந்தரமாக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பி, அம்மா காட்டுகிற போட்டோவுக்குத் தலையாட்ட வேண்டும். ஒரு ஏசியால் எனக்குக் கல்யாணம் ஆகிவிடும் போலிருக்கிறது. ஏதாவது வழி சொல்லுங்கள்.

நம் வீட்டு ரிமோட் இன்னும் அம்மாவின் தலையணைக்கு அடியில்தானா? எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

உறைந்துகொண்டிருக்கும்
வாலு

பிப்ரவரி 17

என் அருமை நாத்தனாருக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. உன் மூக்கின் சொட்டு பட்ட கடிதம் வந்து சேர்ந்தது. "கம்பளியைக் கொண்டு போடின்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?" என்று அத்தை ஒரு மூச்சு திட்டித் தீர்த்தார். திட்டிக்கொண்டே உள்ளே போய், தன்னுடைய மெரூன் கட்டம் போட்ட கம்பளியை எடுத்து வந்து என் மடியில் போட்டார். அது அவர் உடம்பில் இன்னொரு தோல் மாதிரி என்பது உனக்குத் தெரியும். "எனக்கு எதுக்கு, வெயில் காலம் வருது" என்றார். பார்சலில் அனுப்பியிருக்கிறேன். போர்த்திக்கொள்.

வீட்டு ரிமோட் அதே இடத்தில், அதே இருபத்தேழில். அதுவும் ஒரு மணி நேரம்தான். அதற்குப் பிறகு அணைத்துவிட வேண்டும். உன் அண்ணன் பனியனைக் கழற்றி விசிறிக்கொண்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை இட்லியாட்டம் அவிக்கிறீங்க" என்கிறார். நானும் அத்தையும் கழுத்து வரை போர்த்திக்கொண்டு சிரிக்கிறோம். இந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி என்றால் அது இந்த ஒரு விஷயத்தில்தான். இதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

உன் கேக் அக்காவிடம் வாயைக் கொடுக்காதே. ரிமோட்டை யார் வைத்திருக்கிறார்களோ அவர்களிடம் நயமாகத்தான் போக வேண்டும். இது என் எட்டு வருஷத்து அனுபவம்.

அத்தை புதிதாக இரண்டு போட்டோ வாங்கி வைத்திருக்கிறார். ஒருவருக்குத் தலையில் முடி இல்லை, இன்னொருவருக்கு முகத்தில் சிரிப்பு இல்லை. ஆகவே மாவை எழுப்புகிற வழியைப் பார்.

அன்புடன்
உன் அண்ணி

மார்ச் 12

அன்புள்ள அண்ணி,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதீர்கள். நான் நலமாக இருப்பதாக மட்டும் சொல்லுங்கள்.

பெரிய தப்பு செய்துவிட்டேன். கேக் அக்கா ஒரு கல்யாணத்துக்கு மூன்று அடுக்கு கேக் செய்து, மேலிருந்து கீழ் வரை க்ரீமில் ரோஜா வைத்திருந்தார். முடித்த களைப்பில் டீ குடிக்கப் போனார். என் மாவு கல் மாதிரி கிடந்தது. ஒரு பத்து நிமிஷம்தானே என்று ரிமோட்டை எடுத்து முப்பதில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து ஓவன் அறையில் பன் கருகுகிற வாசனை வந்தது. அங்கே ஓடினவள் இங்கே ஏசியை மறந்தே போனேன்.

திரும்பி வந்தபோது ரோஜாக்கள் ஒவ்வொன்றாக வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தன. கடைசி ரோஜா என் கண் முன்னாலேயே மேஜையில் பொத்தென்று விழுந்தது. கேக் அக்கா வாசலில் நின்று பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை அண்ணி. ஏசியை இருபதில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். "தள்ளி நில்லும்மா" என்பதுதான் பதில்.

முதலாளி சும்மா விடவில்லை. "உங்க ரெண்டு பேரு சண்டைக்கு நான் கடை நடத்தலை. ஒத்துப் போனா சரி. இல்லைன்னா ஜூலையில புதுசா வந்தவங்கதான் கிளம்பணும்" என்று சொல்லிவிட்டார். ரிமோட்டை வாங்கிக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி கல்லாக்காரரிடம். இனிமேல் எப்போதும் இருபதுதான்.

கம்பளி வந்தது. அது இல்லாவிட்டால் இந்நேரம் நான் திரும்பி வந்திருப்பேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அவ்வளவு கதகதப்பு. நன்றாக வேலை செய்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு விசிறி வாங்கிக் கொடுங்கள்.

உங்கள்
வாலு

ஏப்ரல் 3

அன்புள்ள வாலு,

பதில் தாமதமாகிவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதே. கொஞ்சம் அலுப்பு. வேறொன்றும் இல்லை.

ரோஜா விஷயத்தைப் படித்துவிட்டு உனக்காக வருத்தப்பட்டேன். அந்த அக்காவுக்காக இன்னும் கொஞ்சம் அதிகமாக. ஆனாலும் மன்னிப்புக் கேட்டாயே, அது போதும். கையால் வேலை செய்கிறவர்களுக்குக் கோபம் கையில்தான் இறங்கும், மனசில் தங்காது. பார்த்துக்கொண்டே இரு.

கம்பளி உபயோகமாக இருக்கிறது என்றதும் அத்தைக்கு வாயெல்லாம் பல். பக்கத்து வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

இங்கே ஒரு வேடிக்கை. எனக்கும் அத்தைக்கும் ஏசியில் முட்டிக்கொண்டது. இந்த வருஷ வெயிலா என்னவோ, இருபத்தேழில் எனக்கு வேகிறது. இருபத்து நாலு வைக்கச் சொன்னேன். "உனக்கா? நீ என் கட்சியாச்சேடி!" என்று அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். உன் அண்ணன் எழுந்து வந்து என்னோடு கை குலுக்கினார். காப்பியையும் விட்டுவிட்டேன், அந்த வாசனையே பிடிக்கவில்லை. எல்லாம் வெயில்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று சளி இல்லை, கவலை இல்லை, வயிறு வலிக்கிறது. சிரித்து சிரித்து வந்த வலி. நீங்கள் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? நன்றாகச் சாய்ந்துகொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு உண்மை. அம்மாவின் கம்பளியை நான் ஒரு நாள் கூடப் போர்த்திக்கொள்ளவில்லை. ரிமோட் பெட்டிக்குள் போன மறுநாளே, மூடி போட்ட பெரிய டப்பில் மாவை வைத்து அதைச் சுற்றிக் கம்பளியைப் போர்த்திவிட்டேன். ஓவன் அறையை ஒட்டின மூலையில், மேஜைக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் வைத்தேன். மாவு ஜம்மென்று உப்பியது. நான் பல் கிட்டிக்க நின்றேன். போன கடிதத்தில் கதகதப்பு என்று எழுதியது மாவின் சார்பாக எழுதியது.

நேற்றுக் காலை கல்லாக்காரர் எதையோ தேடிக்கொண்டு உள்ளே வந்தார். குனிந்தார். அடுத்த நொடி தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு கூச்சல். "ஐயையோ, யாரோ பச்சைப் புள்ளையப் போட்டுட்டுப் போயிட்டாங்க!"

கம்பளியைச் சுற்றி, மேலே முடிச்சுப் போட்டு வைத்திருந்தேனா, பார்க்க அப்படித்தான் இருந்தது. முதலாளி ஓடி வந்தார். "தொடாதீங்க, தொடாதீங்க, போலீசுக்குச் சொல்லணும்!" என்று அவரே போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கையை ஆட்டினேன், யாரும் என்னைப் பார்க்கவில்லை. கேக் அக்கா எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தார். "வழி விடுங்கய்யா. மூணு பெத்தவ நான்" என்று அப்படியே வாரி எடுத்து மார்பில் சாய்த்துக்கொண்டார். "என்னமா கனக்குது! பசிக்குதாடா கண்ணு?" என்று முடிச்சை அவிழ்த்தார். டப்பின் மூடி டப்பென்று தெறித்தது. உள்ளே அழுத்திக்கொண்டிருந்த மாவு எழும்பி வந்து அவர் தாடையில் ஒட்டிக்கொண்டது.

கேக் அக்கா சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், தரையில் உட்கார்ந்து, டப்பை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர. முதலாளிதான் பாவம், அதற்குள் போலீசில் போனை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. "ஒண்ணுமில்லைங்க, மாவுங்க" என்று சொல்லி வைத்தார்.

எல்லோரும் போன பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டார். "ஏண்டி, இருந்த ஒரு போர்வையையும் இதுக்குப் போத்திட்டா நீ நடுங்கிட்டு நின்னே?" என்றார். "இது எந்திரிக்கலைன்னா நான் வீட்டுக்குப் போகணும்க்கா" என்று ஒப்பந்தம், போட்டோ, ஜூலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன? எனக்கு வேர்க்கிறதைப் பார்த்து நீ வேணும்னே பண்றேன்னு நெனச்சேன்."

கொல்லைப்பக்கம் ஓடாத பழைய பிரிட்ஜ் ஒன்று அட்டைப்பெட்டி போட்டு வைக்கிற இடமாக இருந்தது. நாங்கள் இருவருமாகத் தள்ளிக்கொண்டு வந்து சுத்தம் செய்தோம். கீழ்த்தட்டில் ஒரு பாத்திரம் வெந்நீர், மேல்தட்டில் மாவு, கதவைச் சாத்தினால் உள்ளே வெதுவெதுவென்று இருக்கிறது. அக்காவின் யோசனை. அறை அவருக்கு, பிரிட்ஜ் எனக்கு. என்னை இப்போது ரொட்டி என்று கூப்பிடுகிறார்.

ஜூன் முதல் வாரத்தில் இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறேன். வருகிறேன். அம்மாவிடம் கம்பளிக் கதையை நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

வயிறு வலிக்கும்
ரொட்டி என்கிற வாலு

மே 25

அன்புள்ள வாலு,

எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஓடாத பிரிட்ஜுக்கு இப்படி ஒரு வாழ்வா! உன் அண்ணனிடம் சொன்னேன், "நம்ம பழைய பிரிட்ஜையும் கொடுத்துடலாமா?" என்றார். கேக் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் மனசில் கோபம் தங்காது என்று நான் முன்பே எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கட்டும். முதலாளியும் இனிமேல் கொஞ்சம் இறங்கி வருவார்.

இங்கே ரிமோட் தலையணையை விட்டு வெளியே வந்துவிட்டது. அத்தையே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். இப்போது இருபத்திரண்டு ஓடுகிறது. உன் அண்ணன் குல்லாய் போட்டுக்கொண்டு தூங்குகிறார். எட்டு வருஷமாகப் புழுங்குகிறது என்று புலம்பினவர், இப்போது குளிருகிறது என்று வாயைத் திறக்க முடியாமல் முழிக்கிறார். அத்தை இரண்டு பெட்ஷீட்டைச் சேர்த்துப் போர்த்திக்கொள்கிறார். கேட்டால் தனக்கு வேர்க்கிறது என்கிறார். வயதாக ஆக மனசு மாறும் போலிருக்கிறது.

ஜூனில் நீ வர வேண்டாம். சும்மா இரண்டு நாளுக்காக அவ்வளவு தூரம் எதற்கு? வேலையில் இப்போதுதான் நல்ல பேர் எடுக்கிறாய். ஜூலை முடியட்டும். பிறகு சாவகாசமாக வா.

அண்ணி

ஜூன் 6

அன்புள்ள அண்ணி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் அதற்கு நேராகப் பதில் சொல்லி நாளாகிறது.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிரிட்ஜுக்குப் பதில் இருக்கிறது, கேக் அக்காவுக்கு இருக்கிறது, முதலாளிக்குக் கூட இருக்கிறது. ஆனால் பச்சைப் பிள்ளை என்று ஊரைக் கூட்டினோமே, அந்தக் கதைக்கு ஒரு வரி கிடையாது. ஒரு மாதம் கழித்து எழுதுகிறீர்கள், ஒரு சிரிப்புக் கூட இல்லை. என் அண்ணி அப்படிப்பட்டவர் இல்லையே.

மனசு கேட்காமல், நேற்று மாவு பிசைந்துகொண்டே கேக் அக்காவிடம் சொன்னேன். அவர் க்ரீம் பையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"உங்க அண்ணி குளிருக்கு ஆகாதவங்கதானே?"

"ஆமாக்கா. ஃபேனுக்கே போத்திக்குவாங்க."

"இப்ப இருபத்திரண்டு கேக்குறாங்களா?"

"ஆமா."

"காப்பி?"

"விட்டுட்டாங்களாம். வாசனை பிடிக்கலையாம்."

"உங்கம்மா வாயே திறக்காம ரிமோட்டைக் குடுத்தாங்களா?"

"ஆமாக்கா, அதுதான் எனக்கும் புரியலை."

"அடி மக்கு ரொட்டி! உங்க அண்ணி முழுகாம இருக்காங்கடி!"

நான் மைதா மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம்தான் அண்ணி, கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் கூடவே ஒரு பயமும் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அப்புறம் அது தங்காமல் போனபோது நீங்கள் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்ததை நான் மறக்கவில்லை. அப்போது உங்கள் பக்கத்தில் நான் இருந்தேன். இப்போதும் இருக்க வேண்டாமா? அம்மா ஒருத்தியாக என்ன செய்வாள்?

பையில் துணி எடுத்து வைத்துவிட்டேன். முதலாளியிடம் நாளை சொல்லப் போகிறேன். ஜூலையும் வேண்டாம், நிரந்தரமும் வேண்டாம். வந்துவிடுகிறேன்.

உங்கள்
வாலு

ஜூன் 13

வாலுவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீயும் அங்கேயே நன்றாக இரு. அங்கேயே என்பதைக் கவனி.

உன் கடிதத்தை அண்ணி கையில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பிரிக்கவில்லை, அவளே படித்துக் காட்டினாள். போன் போடலாம் என்றாள் அவள். வேண்டாம், நீ போனில் என்னைப் பேச விட மாட்டாய் என்று நானே பேனாவை எடுத்துவிட்டேன். முதலாளியிடம் சொல்கிற வேலையை நிறுத்து. சொல்லிவிட்டாய் என்றால் போய், சும்மா சொன்னேன் என்று சொல்.

மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தாயானால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கதவைத் திறக்க மாட்டேன். பிறகு அம்மா சொல்லவில்லை என்று சொல்லாதே.

எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பாய். அவள் என்றைக்கு ஏசியைக் குறை என்றாளோ அன்றைக்கே தெரியும். உன்னை வயிற்றில் சுமந்தபோது நான் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் சமைத்தேன். ஏசி ஏது அப்போது? ஆனாலும் அவளாகச் சொல்லட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். போன தடவை நான்தான் தெருவெல்லாம் சொல்லி வைத்தேன். பிறகு போகிறவர் வருகிறவர் எல்லாம் அவளைக் கேட்டுக் கேட்டுக் கொன்றார்கள். அந்தப் பாவம் இந்தத் தடவை வேண்டாம். ஒரு மாதம் கழித்துச் சமையலறையில் என் காதோடு சொன்னாள். "வாலுகிட்ட மட்டும் சொல்லாதீங்க அத்தை. கேட்டா ஓடி வந்துடுவா. அப்புறம் அவ வேலை போயிடும்" என்றாள். அவள் சொன்னது சரியாகத்தான் போயிற்று, பார்.

ஐந்தாம் மாதம் நடக்கிறது. டாக்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். உன் அண்ணன் பாத்திரம் தேய்க்கிறான். ஒன்று உடைந்தது.

அந்தப் போட்டோக்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நான் சொல்லித்தான் நீ வேலையை விட்டாய் என்று பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. உன் மாவு எழுந்திருக்கிறது என்று கேட்டதிலிருந்து எனக்கு உன்மேல் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று. அண்ணிக்கு எழுதும்போது அம்மாவுக்குக் குளிருமே, பாவம் என்று எதையாவது எழுதித் தொலைக்காதே. குளிரத்தான் செய்கிறது. எலும்பெல்லாம் குத்துகிறது. ஆனால் எனக்கு வேர்க்கிறது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தால் ஏசியை அணைத்துவிட்டு அவள் புழுங்குவாள்.

கம்பளி வேண்டாம். மாவுக்கே போர்த்து.

அம்மா

ஜூன் 28

என் கண்ணு வாலுவுக்கு,

உன் பையிலிருந்து துணியை வெளியே எடுத்தாகிவிட்டது என்று நீ எழுதின அட்டை வந்து வயிற்றில் பால் வார்த்தது. உள்ளே இருக்கிறவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உன்னிடம் மறைத்ததற்குக் கோபித்துக்கொள். இரண்டு நாள் கோபித்துக்கொண்டால் போதும். அந்தப் பச்சைப் பிள்ளைக் கதையைப் படித்தபோது நான் சிரிக்காமலா இருந்தேன்? கட்டிலில் உருண்டு சிரித்தேன். மே நடுவில் மறுபடி எடுத்துப் படித்துச் சிரித்தபோது உள்ளே ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. முதல் தடவை. அதற்குப் பிறகு அந்தக் கதையைப் பற்றி எதை எழுத உட்கார்ந்தாலும் இதைத்தான் எழுதிவிடுவேன் போலிருந்தது. நாலு காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அதனால்தான் அவ்வளவு தாமதம், அதனால்தான் அந்த இடத்தில் ஒரு வரியும் இல்லை.

பயமாக இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. ஆனால் போன தடவை மாதிரி தனியாக இல்லை. அத்தை பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை வந்து, "குளுகுளுன்னு இருக்கா? இன்னும் கொறைக்கட்டுமா?" என்று கேட்கிறார். எட்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் வாயால் கேட்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நீ ஜூலையைப் பார். நான் நவம்பரைப் பார்க்கிறேன்.

ஆசையோடு
அண்ணி

ஆகஸ்ட் 2

அண்ணி, அம்மா, அண்ணன், உள்ளே இருக்கிறவர் எல்லோருக்கும்,

இந்தக் கடிதத்தை ஹாலின் நடுவில் வைத்து எல்லோரும் படிக்கலாம். நான் நிரந்தரம்!

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் உள்ளங்கை வியர்வையைத் துடைத்துத் துடைத்து உடையெல்லாம் மாவாகிவிட்டது. "ரொட்டி இல்லாம நம்ம கடை ஓடாதுன்னு இந்தம்மா சொல்றாங்க" என்று கேக் அக்காவைக் காட்டினார். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டு பேரும் ஒத்துப் போறீங்களா?" என்று கேட்டார் முதலாளி. "எப்ப சண்டை போட்டோம்?" என்றார் அக்கா. முதலாளிக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. கல்லாப்பெட்டியைத் திறந்து ரிமோட்டை எடுத்து எங்கள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். யாரும் தொடவில்லை. அப்புறம் அக்கா இருபத்து மூன்றில் வைத்தார். "உனக்கும் உடம்பு இருக்கில்ல? மாவுக்கு மட்டும் பார்த்தா போதுமா?" என்றார். க்ரீம் நிற்குமா என்று கேட்டேன். "ரோஜாவை மதியத்துக்கு மேல வச்சுக்கிறேன், அப்ப எறக்கிக்கலாம்" என்றார். நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வேர்க்கிறது, தள்ளு என்று திட்டினார்.

பிள்ளை பிறக்கும்போது ஒரு வாரம் லீவு. மாவை அக்கா பார்த்துக்கொள்வார். இப்போதே பிசைந்து பழகுகிறார், கையை விட வாய்தான் அதிகம் பிசைகிறது.

அம்மா, கம்பளியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இங்கே இனி அதற்கு வேலை இல்லை. இரண்டு தடவை துவைத்தும் பன் வாசனை போகவில்லை. யாருக்காவது வேர்க்கும்போது போர்த்திக்கொள்ளட்டும்.

நிரந்தர
வாலு

ஜனவரி 11

அன்புள்ள வாலு அத்தைக்கு,

இந்த வீட்டில் இருக்கும் பெரியவர்கள் மூவரும் அரைத் தூக்கத்தில் நலம். உன் மருமகள் முழு நலம். நீ வந்து போன பிறகு கன்னம் இன்னும் உப்பிவிட்டது. உன் அண்ணன் இதற்கும் உன் மாவைத்தான் காரணம் சொல்கிறார். கேக் அக்கா கொடுத்தனுப்பிய கேக்கின் ரோஜா ஒன்று கூட வழுக்கவில்லை என்று அவரிடம் மறக்காமல் சொல்.

இனி ரிமோட் செய்தி. பிள்ளை பிறந்ததும் என் உடம்பு பழையபடி ஆகிவிட்டது. இருபத்து நாலிலேயே நடுக்கம். நானும் அத்தையும் மறுபடி ஒரே கட்சி, ரிமோட் மறுபடி தலையணைக்கு அடியில், இருபத்தேழு. உன் அண்ணன் மறுபடி பனியனைக் கழற்றிவிட்டார். எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று நினைத்தோம்.

உன் மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை. இருபத்தேழு என்றால் ஒரே அழுகை. போர்த்தினால் உதைத்துத் தள்ளுகிறாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. உன் அண்ணன் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஹாலைச் சுற்றி வந்தார். "வந்துட்டாய்யா என் கட்சிக்கு ஆளு! ஒன்பது வருஷமா ஒத்தையா நின்னேன்!" என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

நானும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தை தலையணைக்கு அடியில் கையை விட்டு ரிமோட்டை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தி இருபத்து நாலுக்குக் கொண்டுவந்தார். பிள்ளையை வாங்கிப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். நீ அனுப்பிய கம்பளியை எடுத்துக் காது வரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிள்ளை அவர் பக்கம் திரும்பி, அந்தப் பன் வாசனையை மோந்துகொண்டே தூங்கிப் போனாள்.

போன வருஷமெல்லாம் அவர் எனக்குச் சொன்ன பொய் எனக்குத் தெரியாது என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அவர் பல் தந்தியடிக்கிற சத்தம் இந்தப் பக்கம் வரை கேட்டது.

"குளிருதா அத்தை?" என்றேன்.

கம்பளிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"யாருக்கு? எனக்கு வேர்க்குது."

ஆசையுடன்
உன் அண்ணி